பெல்ஜியம் கொடுத்துவிட்ட கரையும் என் மகளின் அட்டையும்

என் மகள் பெல்ஜியக் குடியுரிமை வாங்கப் போவதாகச் சொன்ன அன்றுதான் நான் அந்த நாட்டின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். ஆசையினால் அல்ல, கோபத்தினால். ரங்கூன் என்றிருந்த யாங்கோனில், லான்மடா வட்டாரத்தில் இருக்கும் என் வீட்டின் முன்னறையில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பர்மிய மொழியில் சரித்திர டியூஷன் எடுத்தே என் காலம் போனது. சண்டை என்று வந்துவிட்டால் எதிராளியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டு வாயை அடைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. இந்தச் சண்டையில் எதிராளி ஒரு நாடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் நர்ஸ் படிப்புக்காகப் போனவள். படித்து முடித்து, மாஸ் என்ற ஆற்றின் கரையில் ஒரு சிறிய ஊரில், முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் என்னை அழைப்பாள். இங்கே அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். மின்சாரம் இருந்தால் அவள் முகம் தெரியும், இல்லாவிட்டால் குரல் மட்டும். அவள் தமிழில் பாதி பர்மியம் கலந்திருக்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், “சரிதானே” என்று கேட்பதுபோல, பர்மியர்களின் “நொ”வைச் சேர்த்துக்கொள்வாள். அன்று அந்த “நொ” அடிக்கடி வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

“அம்மா, ஒண்ணு சொல்றேன், கத்தாம கேக்கணும், நொ. இங்க குடியுரிமைக்கு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்.”

“குடு. யாரு வேணாம்னா? அதையும் வாங்கி வெச்சுக்க, இதையும் வெச்சுக்க.”

“ரெண்டும் வெச்சுக்க முடியாதும்மா. பெல்ஜியம் ஒண்ணும் சொல்லாது. நம்ம ஊரு சட்டந்தான் விடாது. அதை வாங்கினா இது போயிரும்.”

தட்டில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன். கத்தவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

அவள் “இது” என்று சொன்னது அவளுடைய ரோஜா நிற அட்டையை. இந்த நாட்டில் முழுக் குடிமக்களுக்கு மட்டும் கொடுக்கும் அட்டை அது. எங்கள் குடும்பத்தில் அதை முதன்முதலாக வாங்கியவள் அவள்தான். என்னிடம் இருப்பது நீல அட்டை, ஒரு படி கீழே. அரசுப் பள்ளியில் ஏன் வேலை கிடைக்கவில்லை என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அட்டையின் நிறத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

இந்த நிலைமைக்குக் காரணம் என் தாத்தா செய்த ஒரு தப்பு. அவர் மட்டுமல்ல, எங்கள் தெருவில் துறைமுகத்து மூட்டை தூக்கியவர்கள் பலரும் அதையே செய்தார்கள். பர்மாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், வெளியிலிருந்து வந்து வெகுநாளாக இங்கே இருப்பவர்கள் விண்ணப்பித்தால் குடிமக்களாகலாம் என்றார்கள். எங்கள் ஆட்கள் விண்ணப்பிக்கவில்லை. இந்த ஊர்க் காகிதத்தில் ரேகை வைத்தால், தமிழ்நாட்டில் சொந்த ஊருக்குப் போய்க் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவிடமாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டது ஒரு பக்கம். தாத்தாவின் வீம்பு இன்னொரு பக்கம். “இந்தத் துறைமுகத்துல என் முதுகு படாத மூட்டை உண்டா? நான் இங்க இருக்கலாமான்னு நானே போய்க் கேக்கணுமா?” என்று சொன்னாராம். உழைத்த இடம் தானாகவே நம்முடையதாகிவிடும் என்று நம்பியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆத்திரத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வரும்.

அப்படி, இங்கேயே பிறந்த என் அப்பா வெளிநாட்டவராகப் பதிவானார். வருடா வருடம் அதற்கான காகிதத்தைப் புதுப்பிக்க வரிசையில் நிற்பார். சொந்தக்காரர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனபோதும் அவர் போகவில்லை. பாதி வயதை அலுவலக வாசல்களில் கழித்துத்தான் நீல அட்டை வாங்கினார். பேத்திக்கு ரோஜா நிற அட்டை வந்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை. என் கணவர் இருந்தார். சாமி படத்தின் அடியில் அட்டையை வைத்து விளக்கேற்றியவர் அவர்தான். இப்போது அவரும் இல்லை.

அட்டை வந்த அந்த வாரம் நாங்கள் மூவரும் கியாக்தான் என்ற ஊருக்குப் போயிருந்தோம். அங்கே ஆற்றின் நடுவில் ஒரு பகோடா இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு படகு, வெளிநாட்டவருக்கு வேறு படகு, வேறு டிக்கெட். துறையில் நின்றவர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் மரியாதையாக ஆங்கிலத்தில் வரவேற்று வெளிநாட்டவர் பக்கம் கை காட்டினார். என் மகள் அவரைவிட வேகமான பர்மிய மொழியில் ஏதோ சொல்லி அட்டையை நீட்டினாள். அவர் சிரித்துத் தலையைச் சொறிந்துகொண்டார். படகில் உட்கார்ந்த பிறகும் அவள் அட்டையைப் பைக்குள் வைக்கவில்லை. கெளுத்தி மீன்களுக்குப் பொரி போடும்போதுகூட ஒரு கையில் அதைப் பிடித்திருந்தாள். அதைத்தான் இப்போது விட்டுவிடப் போகிறேன் என்கிறாள்.

ஆகவே படித்தேன். ஆங்கிலத்தில் கிடைத்ததைக் கைப்பேசியில் மெதுவாக, மின்சாரம் இருந்த நேரத்தில். முதலில் எனக்கு இளக்காரமாகத்தான் இருந்தது. பெல்ஜியம் என்ற நாடு 1830-ல் பிறந்தது. அதற்கு முன், பெரிய ராஜ்ஜியங்கள் கூடிப் பேசி அந்த மக்களை டச்சு ராஜாவின் கீழே சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் பிரஸல்ஸ் நகரத்தில் இசை நாடகம் பார்த்தவர்கள் கொட்டகையிலிருந்து வெளியே வந்து கலகத்தில் இறங்கினார்கள். ஒரு மாதத்தில் அது தெருச் சண்டையாகி, டச்சுப் படை நகரத்தைவிட்டு வெளியேறியது. நாடு கிடைத்துவிட்டது. ராஜா இல்லை. ராஜா தேடினார்கள். பிரெஞ்சு ராஜாவின் மகனைக் கேட்டார்கள், அப்பாக்காரர் சம்மதிக்கவில்லை. கடைசியில் இங்கிலாந்தில் இருந்த, மனைவியை இழந்த ஒரு ஜெர்மன் இளவரசர் ஒப்புக்கொண்டார். அவர் அந்த மக்களின் மதத்தைச் சேர்ந்தவர்கூட இல்லை.

அடுத்த அழைப்பில் இதை எடுத்து வீசினேன். “ராஜாவையே வெளியூர்ல இருந்து கூட்டிட்டு வந்த நாடுடி அது. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி வீடு வீடா போய்க் கேட்டிருக்காங்க.”

“நல்லதுதானேம்மா. ராஜாவே வெளியூர்க்காரர்னா என்னை ஏன் வந்தேன்னு கேக்க மாட்டாங்க.”

அந்தச் சுற்றில் எனக்குத் தோல்வி. விடவில்லை. அந்தப் புது அரசியல் சட்டம் எந்த மொழியையும் பேசலாம் என்று சுதந்திரம் கொடுத்தது. ஆனால் அதிகாரமெல்லாம் பிரெஞ்சில்தான் நடந்தது. பிளெமிஷ் என்ற டச்சுப் பேச்சு மட்டுமே தெரிந்த குடியானவன் நீதிமன்றத்தில் நின்றால், தன் தலையெழுத்தை அடுத்தவன் மொழிபெயர்த்துச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் படித்தபோது, அலுவலகத்தில் அப்பா தன் உடைந்த பர்மிய மொழியில் பேச, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. நான் அப்போது அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகளிடம் அதைச் சொல்லவில்லை. அது என் கட்சிக்குப் பலம் சேர்க்காது என்று தெரியும்.

எனக்கே தெரியாமல் அந்த நாட்டின்மேல் ஒரு ஒட்டுதல் வந்துகொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். நாடு கிடைத்ததும் அவர்கள் பழைய வீரர்களைத் தேடிப் பிடித்துச் சதுக்கங்களில் சிலை வைத்தார்கள். சுவர் அளவுக்குப் பெரிய படங்களில் பழைய போர்களை வரைந்தார்கள். புது வீட்டுக்குக் குடிபோனவர்கள், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பழைய பித்தளைப் பாத்திரங்களைத் தேய்த்து அடுக்குவார்களே, அப்படி. சில வருடங்களில் ரயிலும் ஓடவிட்டார்கள். நாங்களும் இங்கே இருக்கிறோம், எங்களுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது என்று அக்கம்பக்கத்துக்குக் காட்ட அவர்கள் பட்ட அவசரம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

பிறகுதான் 1839-க்கு வந்தேன்.

நடந்தது இதுதான். கலகம் நடந்தபோது லிம்பர்க் என்ற மாகாணத்து மக்களும் லக்ஸம்பர்க் மக்களும் பெல்ஜியத்தோடு சேர்ந்து எழுந்தார்கள். மாஸ் ஆற்றின் இரு கரையிலும் ஒரே ஜனம், ஒரே பேச்சு. ஆனால் பெரிய ராஜ்ஜியங்கள் லண்டனில் உட்கார்ந்து கோடு போட்டன. பெல்ஜியம் தனி நாடாக இருக்க வேண்டுமானால், லிம்பர்க்கில் கிழக்குக் கரையையும் லக்ஸம்பர்க்கில் பாதியையும் டச்சு ராஜாவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த ராஜா முதலில் கையெழுத்துப் போட மறுத்ததால் வருடங்கள் ஓடின. அந்த வருடங்களில் கிழக்குக் கரை மக்கள் பெல்ஜியர்களாகவே வாழ்ந்தார்கள். வரி கட்டினார்கள். பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பினார்கள். கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளைப் பெல்ஜியர்கள் என்று பதிந்தார்கள். இனி ஒன்றும் ஆகாது என்று நம்பியிருப்பார்கள். அந்த நம்பிக்கை எனக்குத் தெரியும்.

பிறகு டச்சு ராஜா ஒப்புக்கொண்டார். பெல்ஜியப் பாராளுமன்றம் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. ஒருவர் எழுந்து, கொடுக்கப்படுகிற மக்களில் ஒவ்வொருவர் பெயராலும் ஒரு முறை மறுக்கிறேன் என்று சொல்லி, பதவியையே விட்டுவிட்டு வெளியேறினார். இன்னொருவர், வேறு வழியில்லை, சம்மதிக்கிறேன் என்று பேசிய இடத்திலேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். கொடுக்கப்படப் போகிற ஊர்களின் பிரதிநிதிகளும் அதே சபையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டு எண்ணப்பட்டது. சம்மதம் வென்றது. கிழக்குக் கரையைத் தாரை வார்த்துவிட்டு மேற்குக் கரை சுதந்திர நாடானது. என் மகள் வேலை பார்க்கும் ஊர் அந்த மேற்குக் கரையில் இருக்கிறது.

எனக்குக் கிடைத்தது ஆயுதம் என்று நினைத்தேன். மறுநாள் அவள் அழைத்ததும், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்தேன். முழுவதையும் சொன்னேன், வகுப்பில் சொல்வதுபோல, ஆண்டு முதற்கொண்டு. முடிவில், “தன்னோட சேர்ந்து எழுந்த ஜனத்தையே ஆத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்ட நாடு அது. நாளைக்கு உன்னையும் தள்ளும். அதுக்காகவா உங்க தாத்தா வாசல் வாசலா நின்னு வாங்கின மரியாதையைத் தூக்கிப் போடப் போற?” என்றேன்.

சைக்கிளை எங்கோ நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு படத்தைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிற ஆறு, எதிர்க்கரையில் ஒரு தேவாலயக் கோபுரம், நடுவில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு ஒரு சின்னப் படகு.

“அதாம்மா அந்தக் கரை. இப்ப நெதர்லாந்து. நான் அங்க போய்க் காய் வாங்குவேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பேசுறாங்க.” படம் மறுபடி அவள் முகத்துக்கு வந்தது. கண் கலங்கியிருந்தது. “நீ சொன்னதுல ஒண்ணை விட்டுட்ட. குடுக்கலாம்னவங்களைக் கேட்டாங்க, வேணாம்னவங்களைக் கேட்டாங்க. அந்தக் கரையில இருந்த ஜனத்தை யாராச்சும் போய்க் கேட்டாங்களா, நீங்க எந்தப் பக்கம் இருக்கப் போறீங்கன்னு?”

அவளே தொடர்ந்தாள்.

“கொள்ளுத்தாத்தாவைக் கப்பல்ல ஏத்தினப்போ யாரும் கேக்கலை. தாத்தா இங்க பொறந்தவரு, அவரை வெளிநாட்டுக்காரர்னு எழுதினப்போ கேக்கலை. உனக்கு நீல அட்டை போதும்னு முடிவு பண்ணினப்போ உன்னைக் கேட்டாங்களா? என் பர்மா பாஸ்போர்ட் முடியப் போகுது. இப்ப இருக்கிற ராணுவ ஆட்சியில புதுசு குடுப்பாங்களான்னே தெரியலை. அது செத்துப்போச்சுன்னா நான் உன்னைப் பாக்க வரவே முடியாது. நம்ம குடும்பத்துல மொத தடவையா ஒரு ஆளைக் கூப்பிட்டு, நீ இங்க இருக்கியான்னு கேக்குறாங்கம்மா. என்னை. அதுக்கு நான் வாயத் தொறந்து பதில் சொல்லணும், நொ.”

இத்தனை வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் இந்தியக் கூலிகள் வெள்ளைக்காரனோடு வந்தார்கள் என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் பர்மியப் பிள்ளைகளுக்கு முன் குரல் மாறாமல் வாசித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். வந்தவர்களை யார் கேட்டார்கள் என்ற கேள்வியைத் தேர்வுத்தாளிலும் பார்த்ததில்லை, என் மனதிலும் வந்ததில்லை. அது என் மகளுக்கு வந்திருக்கிறது. அவள்மேல் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைவிட வலிதான் அதிகமாக இருந்தது.

சில நாள் நான் அவள் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு நானே அழைத்தேன். “எழுதிக் குடு” என்றேன். இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

குடியுரிமை கிடைத்தது. அடுத்த வருடமே, புதுப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். நான் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கினேன், கொசுவலையைத் துவைத்தேன். எங்கள் வார்டில், வீட்டில் யார் இரவு தங்கினாலும் வார்டு அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லிப் பதிய வேண்டும். போனேன். மேசையில் இருந்தவர் என்னிடம் டியூஷன் படித்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மகளின் பாஸ்போர்ட் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சயாமா,” என்றார், டீச்சரை அழைக்கும் பர்மியச் சொல்லில், குரல் இறங்கி. “வெளிநாட்டுக்காரங்க தனியார் வீட்டுல ராத்திரி தங்க அனுமதி இல்லை. லைசென்ஸ் இருக்கிற ஓட்டல்லதான் தங்கணும். பகல்ல எவ்வளவு நேரம் வேணும்னாலும் உங்க வீட்டுல இருக்கலாம்.”

“அவ அந்த வீட்டுலதான் பொறந்தா” என்றேன்.

“தெரியும், சயாமா” என்றார். அவரால் வேறு என்ன சொல்ல முடியும்? நான் வெளியே வந்துவிட்டேன். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

அவள் வந்தாள். மிங்கலாடோன் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். நேரே வீட்டுக்கு வந்து, கைகூடக் கழுவாமல் மீன்குழம்பு ஊற்றிய மொய்ங்கா நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். புது மெத்தையில் குப்புற விழுந்து மதியம் முழுக்கத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். பகலில் அவள் என் மகள். இருட்டினால் வெளிநாட்டுக்காரி.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் பையை எடுத்தாள். இரண்டு தெரு தள்ளி ஓட்டலில் அறை போட்டிருந்தாள். வாசல்வரை வந்தவள் திரும்பி நின்று, “காலையிலேயே வந்துர்றேன்மா” என்றாள். நான் உள்ளே போய் என் மாற்று உடையைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டினேன்.

“நீ எங்கம்மா வர்ற?”

“நீ எங்க தூங்குறியோ அங்க.”

வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் நீல அட்டையை ஒரு கையிலும் அவள் பாஸ்போர்ட்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள். உள்நாட்டவருக்கு ஒரு பதிவு, வெளிநாட்டவருக்கு வேறு பதிவு. அறை வெளிநாட்டவர் பெயரில் இருக்கிறது, உங்களை எப்படிப் போடுவது என்று கேட்டாள்.

“அவங்களைப் பாக்க வந்த விருந்தாளின்னு போடும்மா” என்றேன்.

அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. அவள் இரண்டையும் இழுத்து ஒட்டிப்போட்டாள். படுத்ததும், சின்ன வயதில் போலவே, என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா, என்மேல கோவமா? நம்ம வீட்டை விட்டுட்டு உன்னை இங்க வந்து படுக்க வெச்சுட்டேனே” என்றாள்.

நான் அவள் தலையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “உன்னை யாரும் யாருக்கும் தூக்கிக் குடுக்கலைடி” என்றேன். “கேட்டாங்க, நீ சொன்ன. தூங்கு.”